பெரம்பூர்ப் பக்கத்துக் குழந்தை வளர்ச்சி மையம்: மாத்திரைக்கு முன்பும் பின்பும்

பெரம்பூர்ப் பக்கம் இயங்கும் ஒரு தனியார் குழந்தை வளர்ச்சி மையத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு தம் பிள்ளைக்கு இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வடசென்னையில் மருத்துவரைத் தேடும் பெற்றோருக்காக எழுதுகிறேன். மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் அழைத்துச் சென்றது என் தங்கை மகனை. தெருவில் நாலு பேர் அவனைச் சுட்டிக்காட்டிப் பேசும்படி ஆகக்கூடாது என்பது தங்கையின் நிபந்தனை. தவிர, குறைகளையும் எழுதப்போகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கண்டறிவதில் இந்த மையம் காட்டிய நிதானம் நான் எதிர்பார்த்ததைவிட மேலானது, மருந்து தொடங்கிய பிறகு அதே நிதானத்தை அங்கே காண முடியவில்லை.

பையன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். தண்டையார்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளி. எழுதி முடிப்பதில்லை, இடத்தில் உட்காருவதில்லை, பென்சிலைத் தொலைத்துவிட்டான் என்று டயரியில் மிஸ் எழுதும் குறிப்புகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வந்துகொண்டிருந்தன. இந்த ஆண்டு, வேறு பள்ளி பார்ப்பது நல்லது என்ற பொருள்பட ஒரு பேச்சும் வந்தது. தங்கையின் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை; ஆகவே மருத்துவமனை அலைச்சல் தாய்மாமனான என் பங்குக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "சின்ன வயசுல நானும் இப்படித்தான் இருந்தேன் மச்சான், இப்ப நல்லா இல்லையா?" என்பதுதான் அவருடைய வாதம். முதல் அமர்வில் அதே வாதத்தை அவர் மருத்துவரிடம் வைத்தபோது, மருத்துவர் மறுக்கவில்லை. "அப்படியா, இன்னும் சொல்லுங்க" என்று பேனாவை எடுத்துவிட்டார். இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு பெரிது என்றும், இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன என்றும் அவர் விளக்கிய பிறகு, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, லாரி ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் எந்த வேலையிலும் நிலைக்காமல் போனது என்று மாப்பிள்ளை தன் கதையை வெகுநேரம் சொன்னார். தங்கைக்கே அதில் பாதி புதிது.

முதல் அமர்வில் மாத்திரை எழுதவில்லை என்பதை இந்த மையத்தின் தலையாய தகுதியாகச் சொல்வேன். இந்தக் கோளாற்றைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்டும் பார்த்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், கவனக்குறைவுக்கு 9, மிகைச்செயல்பாட்டுக்கும் அவசரத்தனத்துக்குமாக 9 என்று அறிகுறிகளை வகுத்திருக்கிறது. பிள்ளைகளிடம் இவ்விரு வகைகளில் ஒன்றிலாவது ஆறு அறிகுறிகள், குறைந்தது ஆறு மாதமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேறொரு காரணத்தால் அவை வந்தவையாக இருக்கக்கூடாது. வீட்டில் மட்டும் ஆடுகிற பிள்ளைக்கும் பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்கும் இந்தப் பெயரைச் சூட்ட முடியாது என்பதே இதன் பொருள். இதை மருத்துவர் எங்களுக்குத் தமிழில், ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு விளக்கினார். ஸ்கேன் எதற்கும் எழுதிக்கொடுக்கவில்லை. தலையில் வயர் மாட்டிப் படம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி நாங்கள் கேட்டபோதும், தேவையில்லை என்று சொல்லிவிட்டார். விற்கக்கூடிய ஒன்றை விற்காமல் விட்டதை நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மருத்துவரைவிட அதிக நேரம் பையனோடு செலவிட்டவர் அங்குள்ள உளவியலாளர். வாண்டர்பில்ட் என்ற அமெரிக்க மதிப்பீட்டுப் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. அறிகுறிகளைக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று நான்கு கட்டங்கள். தங்கைக்குப் புரியும்படி தமிழில் அச்சிட்ட படிவத்தைக் கொடுத்தார்கள். ஆசிரியர் படிவம் திரும்பி வந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மிஸ் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் டிக் அடித்திருந்தார். இடையில் எங்கும் பேனா நகர்ந்திருக்கவில்லை. பிள்ளையின் படிப்புத் திறனைக் கேட்கும் பகுதியைத் தொடவே இல்லை. நானாக இருந்தால், ஆக மோசமான மதிப்பெண் வந்துவிட்டது, ஆகவே கோளாறு உறுதி என்று முடிவு கட்டியிருப்பேன். உளவியலாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது பையனைப் பத்தி எதுவும் சொல்லல சார், மிஸ்ஸோட களைப்பைத்தான் சொல்லுது" என்று ஒதுக்கி வைத்தார். புதிய படிவம் ஒன்றைக் கொடுத்து, இரண்டாம் வகுப்பில் அவனுக்குப் பாடம் எடுத்த மிஸ்ஸிடமும் எழுதி வாங்கி வரச் சொன்னார். அவர் எழுதிய படிவத்தில் டிக்குகள் பரவலாக இருந்தன. கவனக்குறைவுப் பகுதியில் கனமாகவும், ஓடியாடும் பகுதியில் மிதமாகவும். பிற்பாடு முடிவு நின்றது இந்தப் படிவத்தின் மேல்தான்.

நோட்டுப் புத்தகங்களையும் உளவியலாளர் கேட்டு வாங்கிப் பார்த்தார். கணக்கு நோட்டில் முதல் இரண்டு மூன்று கணக்குகள் சரியாக இருக்கும், அடுத்தது பாதியில் நிற்கும், அதற்கடுத்ததில் கரும்பலகையிலிருந்து எண்களே தப்பாக இறங்கியிருக்கும். பாதியில் நிற்பது ஒரு செய்தி, எண் தப்பாக இறங்குவது வேறொரு செய்தி என்று பிரித்துச் சொல்லி, கண் பரிசோதனைக்கும் காது பரிசோதனைக்கும் அனுப்பினார். கண்ணில் சிறு குறை இருந்தது. கண்ணாடி போட்ட பின் எண்கள் சரியாக இறங்கின, கணக்குகள் பாதியில் நிற்பது மட்டும் நிற்கவில்லை. தூக்கத்தில் குறட்டை விடுகிறானா, திடீரென்று சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறானா, ரத்தசோகை உண்டா என்றெல்லாம் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. தூக்கக் குறைவு, வலிப்பின் ஒரு வகை, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை எல்லாம் வெளியில் இருந்து பார்க்கும்போது கவனக்குறைவாகவே தோன்றும்.

இன்னொரு கேள்வியையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். வகுப்பில் இவனைவிட வயதில் சிறியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பெரும்பாலும் இவன்தான் சிறியவன். ஒரே வகுப்பில் கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளைகள், ஏறத்தாழ ஓராண்டு மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடப்படுவதால், கோளாறு உள்ளவர்களாகக் கூடுதலாக முத்திரை குத்தப்படுகிறார்கள் என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செப்டம்பர் 1 தேதியை வைத்துப் பள்ளியில் சேர்க்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளிடம் இந்தக் கண்டறிதல் செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம் இருந்தது. மூன்று வயது நிரம்புவதற்குள் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடத் துடிக்கும் நம் ஊருக்கு இது பொருந்தாது என்று சொல்ல முடியுமா? உலக அளவில் பள்ளிப் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று 11 சதவீதத்துக்கு மேல் கண்டது. யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இரட்டிப்பாகக்கூடிய விஷயத்தில், கேட்பதில் கெடுபிடி காட்டும் இடமே எனக்கு நம்பத்தக்கது.

கேட்காமல் விட்ட ஒன்றும் உண்டு. வடசென்னையில் தொழில் நடத்தும் மையம் அதை விட்டிருக்கக்கூடாது. தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. ஈயம் ரத்தத்தில் ஏறினால் பிள்ளைகளின் கவனமும் நடத்தையும் பாதிக்கப்படும் என்பது பழைய செய்தி. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. அளவு கூடக் கூட, ஆசிரியர்கள் போட்ட கவனக்குறைவு மதிப்பெண்ணும் கூடியிருந்தது. அமெரிக்காவில் இன்று 3.5 இருந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் ஒழிந்துவிட்டது உண்மைதான். பட்டறையும் பழைய பெயின்டும் ஒழிந்துவிடவில்லை. மணலி, எண்ணூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று முகவரி எழுதிக்கொண்டு வருபவர்களிடம் வீட்டுப் பக்கத்தில் என்ன தொழில் நடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாங்களே கேட்டுத்தான் அந்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கினோம். கவலைப்படும் அளவு இல்லை என்று வந்தது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மதிப்பீடு முழுவதுக்குமாக மாப்பிள்ளையின் சம்பளத்தில் கணிசமான பகுதி போயிற்று. நகரின் தெற்கே கேட்கும் தொகையைவிடக் குறைவு என்று விசாரித்ததில் தெரிந்தது. பணம் தடையாக இருப்பவர்களுக்கு, ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளை 18 வயது வரை பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய திட்டம் 2013இல் தொடங்கியபோதே, அதன் 30 நோய் நிலைகளின் பட்டியலில் இந்தக் கோளாற்றையும் சேர்த்தார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைக்குத்தான் அந்தத் திட்டத்தின் பரிசோதனை வண்டி வருவதில்லை.

இனி மருந்து. மருத்துவர் எழுதியது மெத்தில்ஃபெனிடேட், 5 மில்லிகிராம், காலையில் உணவுக்குப் பின். "ஓடுற பையனுக்குத் தூக்க மாத்திரையா?" என்று தங்கையின் மாமியார் கேட்டார், இது அதற்கு நேர் எதிரான ஊக்க மருந்து என்று தெரிந்ததும் இன்னும் கலங்கிப்போனார். மூளை நரம்புகளுக்கிடையே டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் வெளியான வேகத்தில் திரும்ப உறிஞ்சப்படுவதை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் செய்யும் வேலையில் மனம் சற்று நிலைக்கிறது. புதிய மருந்தும் அன்று. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் 1944இல் லியாண்ட்ரோ பானிஸோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்துதான் ரிட்டலின் என்ற வணிகப் பெயர் வந்தது. அதற்கும் முன்பே, 1937இல், அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் தலைவலிக்காகப் பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது, தலைவலி போகாமல் பள்ளிப் பாடத்தில் மட்டும் முன்னேற்றம் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறார். பழகிய மருந்து என்ற தெம்பு எங்களுக்கு இதிலிருந்து கிடைத்தது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென மாரடைப்பால் இறந்திருக்கிறார்களா என்று எழுதுவதற்கு முன் கேட்டதையும் குறித்துக்கொண்டேன். ஊக்க மருந்து வேண்டாம் என்றால் ஆட்டமாக்ஸெட்டின் என்று வேறொன்று உண்டு, அது முழுப் பலன் தர சில வாரங்கள் ஆகும் என்று மாற்றையும் சொன்னார். வல்லாரைக் கீரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார், மாமியாரின் முகத்தைப் பார்த்து.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு எம்.சி. ரோட்டுப் பக்கத்துக் கடைகளுக்குப் போனபோதுதான் மையத்தின் மறுபாதி தெரிய ஆரம்பித்தது. மெத்தில்ஃபெனிடேட் இந்திய மருந்து விதிகளில் அட்டவணை எக்ஸ் என்ற கடுமையான பட்டியலில் இருக்கிறது; 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலிலும் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடைதான் வைத்திருக்க முடியும், பூட்டி வைக்க வேண்டும், மருந்துச்சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். பல கடைகளில் பெயரைக் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார்கள். கடைசியில் இருப்பு வைத்திருந்த ஒரு கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு காப்பி எங்க சார்? ஒரு காப்பியில இத தர முடியாது" என்று கையில் கொடுத்துவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரி. இந்த மருந்தை அன்றாடம் எழுதும் மையம் ஒற்றைச் சீட்டோடு ஒரு குடும்பத்தைக் கடை கடையாக அனுப்பியதுதான் தவறு. மருத்துவர் வாரத்தில் இரண்டு மாலைகள்தான் வருவார் என்பதால், அடுத்த பிரதிக்காக மருந்து தொடங்குவதே தள்ளிப்போயிற்று. எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விவரமாவது வரவேற்பறையில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

மருந்தின் பலனைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், தெரிந்தது. விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை செய்யத் தொடங்கி, நாலு மணி நேரம் போல நிற்கும் மாத்திரை இது. முற்பகல் பாடங்களின் நோட்டுகள் முழுதாக வரத் தொடங்கின. மிஸ் எழுதும் டயரிக் குறிப்பு மெலிந்தது. கூடவே மதிய டிஃபன் பாக்ஸும் கனமாகத் திரும்பி வந்தது. எலுமிச்சை சாதத்தின் மேலிருந்த உருளைக்கிழங்கு மட்டும் காணாமல் போயிருக்கும். சாதத்தில் மூடி அழுந்திய வட்டம் அப்படியே இருக்கும். பசி குறைவது இந்த மருந்தின் மிகச் சாதாரணமான பக்க விளைவு. தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே ஏறுவது ஆகியவையும் உண்டு. பள்ளி விட்டு வரும் நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கும்போது பையன் காரணமில்லாமல் அழுதான், அக்காவின் ஜடையைப் பிடித்து இழுத்தான். தங்கை பயந்துபோய் மையத்துக்குப் போன் செய்தாள். "அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா" என்பதுதான் வரவேற்பறைப் பெண்ணின் பதில். அந்த அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் தள்ளி இருந்தது. மருந்து இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், அளவையோ நேரத்தையோ மாற்றிச் சரிசெய்யலாம் என்ற ஒரு வாக்கியத்தை அன்றே யாராவது சொல்லியிருந்தால் போதும். மாமியார் அந்த மூன்று வாரமும் மாத்திரையை ஒளித்து வைக்காமல் இருந்திருப்பார்.

மறுசந்திப்பில் இன்னும் வருத்தம். பையனை எடை பார்க்கவில்லை, உயரம் பார்க்கவில்லை, ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் எடை மெஷினைத் தூசி தட்டி எடுத்தார்கள். கூட்டம் அதிகம் என்று மருத்துவர் பேசியதும் குறைவு. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பேசிய சிறிது நேரத்தில் அவர் எடுத்த முடிவு சரியாக இருந்தது. மெல்ல மெல்லக் கரையும் நீண்டநேர மாத்திரைக்கு மாற்றினார். மாலை அழுகை பெரும்பாலும் அடங்கியது. அங்கும் ஒரு சறுக்கல். அதுவரை தங்கை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவந்தாள்; சாதாரண மாத்திரைக்கு அதனால் பெரிய கேடில்லை. நீண்டநேர மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். இதை மையத்தில் ஒருவரும் சொல்லவில்லை. "பையன் முழுசா முழுங்குவானா?" என்று கேட்டுத் தடுத்தவர், முன்பு சீட்டைத் திருப்பிக் கொடுத்த அதே மருந்துக்கடைக்காரர்.

தொடர்கவனிப்பை இவ்வளவு பெரிதுபடுத்துவது ஏன் என்று கேட்கலாம். இந்த மருந்தைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் அமெரிக்க ஆய்வொன்று, 7 முதல் 9 வயது வரையான 579 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டது. ஒரு குழுவுக்குக் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், நான்காவது குழு தங்கள் ஊரில் கிடைத்த வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்டது. மருந்துக் குழுக்கள் இரண்டும் முந்தின. ஆனால் நான்காவது குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டவர்கள்தாம். பெரும்பாலும் இதே மருந்தைத்தான். அவர்கள் பின்தங்கினார்கள். முந்திய குழுவை மாதந்தோறும் அரை மணி நேரம் பார்த்து, ஆசிரியரிடம் விசாரித்து, அளவைத் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும், தொடர்ந்து மருந்து எடுத்த பிள்ளைகளின் உயரம் சராசரியாக ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது என்பதையும் அதே ஆய்வினர் 2007இல் வெளியிட்டார்கள். மெஷினைத் தூசி தட்டச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

மையம் மருந்தோடு சேர்த்து விற்க முயல்வது ஓ.டி. எனப்படும் செயல்முறைப் பயிற்சிப் பொதி. ஊஞ்சல், பந்து, பலவண்ண மெத்தைகள் எல்லாம் கொண்ட அழகான அறை. முன்பணம் கட்டி மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. பையனுக்கு அங்கே மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கோளாற்றில் நடத்தையைச் சீராக்க மிக உறுதியான சான்று உள்ளது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தரும் பயிற்சிக்குத்தான். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்பே அதைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இங்கே உளவியலாளர் அந்தப் பயிற்சியைத் தனியாக, சிறிய கட்டணத்துக்கு நடத்துகிறார். ஆனால் வரவேற்பறையில் அதைப் பற்றிய விளம்பரம் ஒன்றுகூட இல்லை, ஊஞ்சல் அறையின் படம்தான் சுவரெங்கும். நாங்கள் பொதியை மறுத்துப் பெற்றோர் பயிற்சியை எடுத்தோம். ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, முடித்த உடனே பாராட்டுவது, வீட்டுப்பாடத்தைத் துண்டாக்கித் தருவது என்று எளிய விஷயங்கள், கடைப்பிடிக்கத்தான் எளிதில்லை. மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடித்து வந்து கண் சிவக்க உட்கார்ந்து கேட்டார். பள்ளிக்கு உளவியலாளர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம், முன் வரிசை, சன்னலுக்கு எதிர்ப்பக்கம், அரை மணிக்கொரு முறை கரும்பலகையைத் துடைக்கும் வேலை என்று மூன்றே கோரிக்கைகளோடு இருந்தது. மிஸ் மூன்றையும் ஏற்றுக்கொண்டார். வேறு பள்ளி பார்க்கும் பேச்சு இப்போது இல்லை.

சான்றிதழ் விஷயத்திலும் மையம் நேர்மையாக நடந்துகொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, இந்தக் கோளாறு தனி வகையாக இல்லை. ஆகவே இதை மட்டும் வைத்துத் தேர்வுச் சலுகை வாங்கித் தருகிறோம் என்று அவர்கள் ஆசை காட்டவில்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதித்து, இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காத்திருப்பு அறையைப் பற்றி இரண்டு வரி. ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளைக் குறுகிய மாடி அறையில், சத்தமாகக் கார்ட்டூன் ஓடும் டிவிக்கு முன்னால், டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு மேல் உட்காரச் சொல்வது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. மீன் தொட்டியின் கண்ணாடியில் விரல் கறை இல்லாத இடமே கிடையாது. கழிப்பறை சுத்தம்.

நாங்கள் இன்னும் அங்கேதான் போகிறோம், ஆனால் சில ஏற்பாடுகளோடு. எடையும் உயரமும் மாதம் ஒரு முறை வீட்டருகே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறாள் தங்கை. ரத்த அழுத்தத்தையும் அங்குள்ள செவிலியரே பார்த்துச் சொல்கிறார். மாத்திரை மாமியார் கைக்கும் பையன் கைக்கும் எட்டாமல் பீரோவில் பூட்டியிருக்கிறது. மருந்துக்கு முன் பசியோடு இருக்கும்போதே இட்லியோ தோசையோ வயிறார கொடுத்துவிடுகிறோம். இரவு ஒன்பது மணிக்குப் பசி திரும்பும்போது இன்னொரு வேளை. புதிதாகப் போகிறவர்கள் முதல் சந்திப்பை உளவியலாளரிடம் கேட்டு வாங்குங்கள். கடந்த இரண்டு ஆண்டு ரேங்க் கார்டு, டயரி, நோட்டுகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டுப் பக்கத்தில் பட்டறை, பழைய பெயின்ட் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். மருந்து எழுதினால் இரண்டு பிரதி கேட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள், பொடிக்கலாமா கூடாதா என்பதையும் கேளுங்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. மருத்துவர் வரும் வார நாள் மாலையில் ஐந்து மணிக்கு முன் டோக்கன் போட்டுவிட்டு, பையனைக் கீழே நடக்கவிட்டு, உங்கள் எண் நெருங்கும்போது மேலே ஏறினால் போதும். வரவேற்பறைப் பெண்ணிடம் சொல்லிவைத்தால் போன் செய்து கூப்பிடுகிறார்.